மூன்றே நாளில்

ஜூன் 9, ஞாயிறு

டாக்டர் ஹமீதா சொன்னதால் இந்த நோட்டு. காலையில் எழுந்ததும் விரல்கள் எத்தனை நிமிடம் விறைத்துக் கிடக்கின்றன என்று தினமும் குறித்து வர வேண்டுமாம். அடுத்த முறை போகும்போது அதைப் பார்த்துத்தான் மாத்திரையைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவு செய்வார். முடக்குவாதம் வந்து மூன்று வருடமாகிறது. வாரம் ஒருமுறை விழுங்கும் அந்த மாத்திரையால் முடி கொட்டுகிறது, மறுநாள் முழுக்கக் குமட்டுகிறது. ஆனால் நோய் மூட்டை அரிக்காமல் காப்பது அதுதான் என்கிறார்.

இன்று விறைப்பு 75 நிமிடம். பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துத் திறந்தேன்.

பாளையங்கோட்டையில் முப்பது வருடமாகத் தாவரவியல் நடத்துகிறேன். சாக்பீஸ் பிடிக்க முடியவில்லை என்பது கல்லூரியில் யாருக்கும் தெரியாது, முப்பிடாதியைத் தவிர. எங்கள் ஆய்வகத்தில் இருபத்திரண்டு வருடமாக உதவியாளராக இருக்கிறாள். நான் வகுப்புக்குப் போகும் முன்பே கரும்பலகையில் இலையின் குறுக்குவெட்டை வரைந்து வைத்துவிடுகிறாள். பார்த்துப் பார்த்து மனப்பாடம். பெயர்களை மட்டும் நான் எழுதுகிறேன், கோணல் மாணலாக.

ஜூன் 11, செவ்வாய்

80 நிமிடம்.

ஜூன் 13, வியாழன்

70. மழை இல்லாமல் புழுக்கம்.

ஜூன் 15, சனி

வடிவு வந்திருந்தாள். விடுதியில் ஐந்து வருடம் ஒரே அறையில் படுத்தவர்கள் நாங்கள். எனக்குக் கல்யாணம் நடக்காமல் போனபோதும், அவள் புருஷன் தவறியபோதும் ஒருத்திக்கு ஒருத்தி இருந்தோம். புருஷன் போன பிறகு பேட்டையில் ஒரு ஷெட் எடுத்து மூலிகைப் பொடிகள் தயாரித்து விற்கிறாள். அரப்பு, சீயக்காய் என்று ஆரம்பித்தது, இப்போது சூரணம் வரைக்கும் வந்திருக்கிறது.

என் கையை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக நீவினாள். பிறகு பையிலிருந்து சூரண டப்பா ஒன்றை எடுத்தாள். நொச்சி, அமுக்கரா, குங்கிலியம், சுக்கு, முடக்கத்தான். எல்லாம் நான் வகுப்பில் நடத்துகிற செடிகள்தான். காலையும் இரவும் அரைத் தேக்கரண்டி, வெந்நீரில்.

"ஒரு வாரம் சாப்பிட்டுப் பாருட்டி. கேக்கலைன்னா தூர எறி. ஆனா அந்த மாத்திரையையும் இதையும் சேத்துச் சாப்பிடாத."

ஏன் என்று கேட்டதற்கு, ஒன்று சூடு ஒன்று குளிர்ச்சி என்று ஏதோ சொன்னாள். மாத்திரை நாள் நாளைக்கு. ஒரு வாரம் விட்டால் என்ன ஆகிவிடும்?

ஜூன் 18, செவ்வாய்

10 நிமிடம்.

கடிகாரத்தை இரண்டு முறை பார்த்தேன். பத்தே நிமிடம். விரல்கள் உள்ளங்கையைத் தொட்டன. அடுப்படியில் நின்று கையை மூடி மூடித் திறந்தேன். கொஞ்சம் அழுதேன்.

குங்கிலியப் பிசினில் உள்ள பாஸ்வெல்லிக் அமிலம் வீக்கத்தை உண்டாக்கும் நொதியைத் தடுக்கிறது. இது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் உடம்பில் அதன் பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும் என்றுதான் ஆய்வுக் கட்டுரைகள் சொல்கின்றன. அமுக்கராவும் அப்படியே. ஐந்து மூலிகைகள் சேரும்போது ஒன்றை ஒன்று தூக்கிவிடுகின்றன போலும். கூட்டு விளைவு. படித்துப் பார்க்க வேண்டும்.

ஜூன் 21, வெள்ளி

நெல்லையப்பர் தேரோட்டம். நான்கு ரத வீதியும் நடந்தேன். வடிவு அல்வா வாங்கித் தந்தாள். வடத்தைத் தொட்டுக்கூடப் பார்த்தேன். மூன்று வருடத்துக்குப் பிறகு என் கை ஒரு கயிற்றைப் பிடித்தது.

ஜூலை 3, புதன்

விறைப்பு இல்லை. இனி இதைக் குறிப்பானேன்? டாக்டரிடம் இன்று போக வேண்டியிருந்தது. போகவில்லை. நன்றாக இருக்கும்போது எதற்கு?

ஜூலை 7, ஞாயிறு

சூரணத்துக்கு விளக்கத் தாள் ஒன்று எழுதித் தரும்படி வடிவு கேட்டாள். எதில் என்ன வேதிப்பொருள் இருக்கிறது, அது உடம்பில் என்ன செய்கிறது என்று படித்தவர்களும் நம்பும்படியாக, அதே நேரம் எல்லோருக்கும் புரியும்படியாக. மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து எழுதினேன். பேனாவைப் பிடித்து நான்கு பக்கம்! அமுக்கரா வேரின் வித்தானோலைடுகள், சுக்கின் ஜிஞ்சரால், நொச்சி இலையின் ஃபிளேவனாய்டுகள். ஒரு செடி தன்னைப் பூச்சியிடமிருந்தும் பூஞ்சையிடமிருந்தும் காத்துக்கொள்ளச் செய்து வைக்கும் சரக்கு நமக்கு மருந்தாகிறது என்று ஆரம்பித்தேன். நானே ரசித்துப் படித்தேன். கடைசியில், "தொடர்ந்து ஆறு முதல் எட்டு வாரம் சாப்பிட்டால் பலன் தெரியும்" என்று முடித்தேன்.

ஜூலை 13, சனி

அச்சுக்குப் போகும் முன் வடிவு தாளைக் கொண்டுவந்து காட்டினாள். மேலே என் படம், கீழே "பேராசிரியை முனைவர் மங்கையர்க்கரசி". கடைசி வரியை மாற்றியிருந்தாள்: "மூன்றே நாளில் பலன் தெரியும்."

நான் எழுதியது இது இல்லையே என்றேன். உனக்கு எத்தனை நாளில் தெரிந்தது என்று கேட்டாள். மூன்று நாளில்தான். அப்படியானால் இதில் என்ன பொய் என்றாள். அவள் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. என் அனுபவத்தைத்தானே போட்டிருக்கிறாள்.

சரி என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

முப்பிடாதி கேட்டாள். மாடிப்படி ஏறும்போது அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொள்கிறது. என் கை சரியானதைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். அவளுக்குச் சர்க்கரை நோய் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறாள். எதற்கும் கேட்டுவிடலாம் என்று வடிவுக்கு போன் செய்தேன். "இலையும் வேரும்தானட்டி, அதுல என்ன சர்க்கரை இருக்கு?" என்றாள்.

என்னிடம் இருந்த புது டப்பாவையே முப்பிடாதிக்குக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

முப்பிடாதி இரண்டு மாடியும் ஒரே மூச்சில் ஏறினாள். அவள் தெருவிலும் டப்பா கேட்கிறார்களாம்.

ஆகஸ்ட் 14, புதன்

ஜாக்கெட் எல்லாம் இறுக்குகிறது. நல்ல பசி. காலை பத்து மணிக்குள் மூன்று தோசை, பதினோரு மணிக்குப் பஜ்ஜி. முகத்தில் சதை போட்டுவிட்டது. "மேடம் களையா இருக்கீங்க" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். வலியில் வற்றிப் போயிருந்த உடம்பு இப்போது தேறுகிறது.

முன்கையில் ஊதா நிறத்தில் ஒரு திட்டு. எங்கே இடித்துக்கொண்டேன் என்று நினைவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

மூன்றாம் ஆண்டு வகுப்பில் ரெபேக்கா எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். அமைதியான பெண், நன்றாகப் படிப்பவள். அவள் கையில் அந்த விளக்கத் தாள் இருந்தது. அவள் அத்தை வாங்கியிருக்கிறாளாம்.

"மேடம், பாஸ்வெல்லிக் அமிலம் வேலை செய்ய வாரக்கணக்காகும்னு போன மாசம் நடத்தினீங்க. இதுல மூணு நாள்னு போட்டிருக்கே. எப்படி மேடம்?"

பாடத்திட்டத்தில் இல்லாததை இப்போது கேட்க வேண்டாம் என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் ஒளிச்சேர்க்கையில் ஒரு படியை விட்டுவிட்டேன். முப்பிடாதிதான் கரும்பலகையைக் காட்டி ஜாடை செய்தாள்.

செப்டம்பர் 8, ஞாயிறு

வடிவு வீட்டில் சாப்பாடு. அவள் அம்மாவுக்கு எண்பது இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. சூரணம் சாப்பிடுவதில்லையா என்று கேட்டேன்.

"எனக்கு அதைத் தரமாட்டேங்கா தாயி. கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு."

சாப்பிடும்போது வடிவிடம் கேட்டேன். அம்மாவுக்கு வயசாகிவிட்டது, ஒத்துக்கொள்ளாது என்றாள். இன்னும் கொஞ்சம் அவியல் வைத்தாள்.

நியாயம்தான். வயதானவர்கள்.

செப்டம்பர் 17, செவ்வாய்

முப்பிடாதியின் இடது காலில், சுண்டுவிரல் பக்கம் செருப்பு கடித்த புண். பத்து நாளாக ஆறவில்லை. சர்க்கரை 342 இருக்கிறதாம். கல்யாண வீடுகளில் பாயசம் குடிக்காதே என்று கண்டித்தேன். "ஒரு சொட்டு குடிக்கல மேடம்" என்றாள்.

செப்டம்பர் 18, புதன்

குடித்திருப்பாள்.

அக்டோபர் 9, புதன்

சூரணம் தீர்ந்துவிட்டது. வடிவிடம் கேட்டால், சரக்கு வரவில்லை, நான்கு நாள் பொறு என்கிறாள். குங்கிலியமா என்று கேட்டேன். ஏதோ ஒன்று என்றாள்.

அக்டோபர் 11, வெள்ளி

எழுந்திருக்க முடியவில்லை. விரலில் மட்டுமல்ல, உடம்பு முழுவதும். வாந்தி.

அக்டோபர் 15, செவ்வாய்

மருத்துவமனைக் கட்டிலில் எழுதுகிறேன். சனிக்கிழமை குளியலறையில் விழுந்தேன். பக்கத்து வீட்டார் ஆம்புலன்ஸை வரவழைத்திருக்கிறார்கள். இரத்த அழுத்தம் கணக்கிலேயே இல்லாத அளவுக்கு இறங்கியிருந்ததாம்.

டாக்டர் ஹமீதா வந்தார். என் முகத்தையும், முன்கையில் இருந்த திட்டுகளையும், வயிற்றில் ஓடும் சிவப்புக் கோடுகளையும் நிதானமாகப் பார்த்தார். வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன்.

இரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மேடம், உங்க உடம்பு தானாச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டை நிறுத்திடுச்சு. வெளியில இருந்து மாசக்கணக்கா போயிட்டே இருந்தாத்தான் இப்படி ஆகும். அது திடீர்னு நின்னதால விழுந்திருக்கீங்க. எங்கிட்ட மறைச்சு ஒண்ணும் ஆகப்போறதில்ல."

சூரணத்தைப் பற்றிச் சொன்னேன். அதில் ஐந்து மூலிகைகள்தான், நானே விளக்கம் எழுதியிருக்கிறேன் என்றேன். அவர் கோபப்படவில்லை. கை எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். ஜூன் மாதம் வழவழப்பாக இருந்த எலும்பு ஓரங்கள் இப்போது எலி கொறித்தது போல இருந்தன. வலி தெரியாமல் இருந்ததே தவிர, மாத்திரையை நிறுத்தியதால் நோய் தன் வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கிறது.

அக்டோபர் 16, புதன்

வடிவு வந்தாள். பதறிப் போயிருந்தாள். பையைத் திறந்து டப்பாவை எடுத்து, வெந்நீர் இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டாள். நர்ஸ் வெளியே போகும் வரை காத்திருந்து, "இதை விடக்கூடாதுட்டி, விட்டா இப்படித்தான் ஆகும்" என்று காதோடு சொன்னாள்.

விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்புறம் சாப்பிடுகிறேன் என்று டப்பாவை வாங்கித் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 26, சனி

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியாயிற்று. கல்லூரி விடுமுறை. ஆய்வகத்தில் நான் மட்டும். முப்பிடாதி காய்ச்சலென்று விடுப்பில் இருக்கிறாள்.

பிள்ளைகளுக்கு முதல் பருவத்தில் சொல்லிக்கொடுக்கும் சோதனைதான். சிலிக்கா பூசிய தட்டில் கீழே மூன்று பொட்டுகள் வைத்தேன். முதலாவது, துறையில் இருக்கும் அதே ஐந்து மூலிகைகளை நானே இடித்து ஆல்கஹாலில் ஊறவைத்த சாறு. இரண்டாவது, வடிவின் சூரணம். மூன்றாவது, டாக்டர் ஹமீதா எழுதித் தந்த சீட்டில் வாங்கிய டெக்ஸாமெத்தசோன் மாத்திரை. அவர் சந்தேகப்பட்ட ஸ்டீராய்டு அது. தட்டைக் கரைப்பானில் நிறுத்திவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். ஈரம் மெல்ல மேலே ஏறியது. ஒவ்வொரு பொருளும் தனக்குரிய உயரம் வரைதான் போகும்.

காயவைத்துப் புற ஊதா விளக்கின் கீழே வைத்தேன். நான் இடித்த மூலிகைகள் வரிசையாக நின்றன. சூரணத்திலும் அதே வரிசை. நொச்சியும் குங்கிலியமும் சுக்கும் அதனதன் இடத்தில் இருந்தன. கூடவே, என் சாற்றில் இல்லாத ஒரு கரும்பொட்டு, பெரியதாக. பக்கத்தில் மாத்திரையின் பொட்டும் அதே உயரத்தில்.

கரைப்பானை மாற்றி இன்னும் இரண்டு முறை செய்து பார்த்தேன். மூன்று தட்டிலும் அப்படியே.

தட்டுகளைக் கைபேசியில் படம் எடுத்தேன். கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தேன். மின்விசிறியை அணைத்தேனா என்று பார்க்கப் பாதி வழியிலிருந்து திரும்பி வந்தேன். அணைத்துத்தான் இருந்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

மீதிச் சூரணத்தை அரசு அங்கீகாரம் பெற்ற ஒரு பரிசோதனைக் கூடத்துக்குக் கூரியரில் அனுப்பினேன்.

முப்பிடாதியைப் பார்க்கப் போக வேண்டும். நாளை.

அக்டோபர் 28, திங்கள்

மழை. போகவில்லை.

அக்டோபர் 30, புதன்

காய்ச்சல் இல்லையாம், கால் புண்தான். முப்பிடாதியை அரசு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். அவள் மகள் போனில் சொன்னாள். உடனே அந்த வார்டு டாக்டரைக் கூப்பிட்டு, நோயாளி சாப்பிட்ட பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, திடீரென்று நிறுத்தினால் ஆபத்து, சர்க்கரை ஏறியதும் அந்த ஸ்டீராய்டால்தான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நன்றி சொன்னார். நீங்கள் யார் என்று கேட்டார். தெரிந்தவர் என்றேன்.

முப்பிடாதியிடம் போனைக் கொடுக்கட்டுமா என்று மகள் கேட்டாள். தூங்கட்டும் என்றேன்.

நவம்பர் 3, ஞாயிறு

பேட்டைக்குப் போனேன். வடிவு தீபாவளி முறுக்கை எடுத்து வைத்தாள். கைபேசியில் தட்டின் படத்தைக் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள். அவளும் என்னோடு தாவரவியல் படித்தவள்தான். விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுப்பாள் என்று நினைத்துத்தான் போயிருந்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"எல்லாரும்தான் சேக்காங்க. வெறும் இலையை இடிச்சுக் குடுத்தா எட்டு வாரம் யாரு பொறுத்திருப்பா, சொல்லு. நான் நல்ல சரக்குதான் போடுதேன். அது கூட இது ஒரு சிட்டிகை."

எனக்கும் அதே டப்பாவைத்தான் கொடுத்தாயா என்று கேட்டேன்.

"உனக்குத்தான் முதல்ல குடுத்தேன். உனக்குக் கேட்டா எல்லாருக்கும் கேக்கும்னு தெரியும்லா. நீ மூணு வருஷமா படுத பாட்டைப் பாத்துக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்லுதியா?"

அவள் அம்மாவுக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். உள் அறையில் அம்மா இருமுவது கேட்டது.

எழுந்தேன். அப்போதுதான் அதைச் சொன்னாள். சண்டைக்காகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்பது போலத்தான் இருந்தது.

"நீ பாட்டனி புரொபசர். மூணாம் நாள் கை மடங்குச்சுன்னா அது இலையுமில்ல வேருமில்லன்னு உனக்குத் தெரியாதா? நீயும் தெரிஞ்சுக்கிட்டுத்தான் கேக்காம இருக்கேன்னு நெனச்சேன்ட்டி."

செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது இருபது பதில்கள் தோன்றின. முப்பத்தாறு வருடப் பழக்கம். யாரிடம் இனிமேல் போய் வடிவைப் பற்றிப் புகார் சொல்வேன்? எதுவானாலும் அவளிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 4, திங்கள்

ஜூன் 18-ஆம் தேதிப் பக்கத்தைப் படித்தேன்.

நவம்பர் 6, புதன்

ஆகஸ்ட் 22-ஐயும் படித்தேன். ரெபேக்காவை அழைத்து, அவள் கேட்டது சரியான கேள்வி என்று சொன்னேன். அத்தை பொடியைத் தானாக நிறுத்தாமல் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன். ஏன் மேடம் என்று அவள் கேட்கவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

நவம்பர் 12, செவ்வாய்

முப்பிடாதிக்கு இடது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

நவம்பர் 13, புதன்

வகுப்புக்குப் போனேன். கரும்பலகை வெறுமையாக இருந்தது. நானே வரைந்தேன். பதினைந்து நிமிடம் பிடித்தது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விறைப்பு 60 நிமிடம். டாக்டர் ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார். பழைய மாத்திரையை மறுபடி ஆரம்பித்தாயிற்று.

நவம்பர் 25, திங்கள்

பரிசோதனைக் கூடத்தின் அறிக்கை வந்தது. நான் கண்டதேதான், இன்னும் துல்லியமாக, ஒரு கிராமுக்கு எத்தனை மில்லிகிராம் என்பதோடு. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். கூடவே விளக்கத் தாளின் ஒரு பிரதியையும். அதை உறையிலிருந்து இரண்டு முறை வெளியே எடுத்தேன். மூன்றாவது முறை ஒட்டிவிட்டேன்.

டிசம்பர் 6, வெள்ளி

வடிவின் ஷெட்டுக்குச் சீல் வைத்துவிட்டார்கள். அவளிடமிருந்து ஒரு போன் வந்தது. எடுத்தேன். "அம்மா உன்னக் கேட்டா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

டிசம்பர் 12, வியாழன்

மருந்து ஆய்வாளர் என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார். நாற்பது வயது இருக்கும், மரியாதையாகப் பேசினார். தாளை எழுதியது நீங்களா என்றார். ஆமாம் என்றேன். கடைசி வரியையும் நீங்களா எழுதினீர்கள் என்றார். இல்லை, ஆனால் அச்சாகும் முன் படித்தேன், அனுமதித்தேன் என்றேன். கலப்படம் எப்போது தெரியவந்தது என்று கேட்டார். அக்டோபர் 26 என்றேன். அவர் எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன்.

அது சரியான தேதிதான். சோதனை செய்த தேதி.

டிசம்பர் 14, சனி

இன்று கொக்கிரகுளத்தில் முப்பிடாதி வீட்டுக்குப் போனேன். இடது பாதத்தில் கட்டோடு, வாசல் அறையில் ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். மகள் காப்பி போட உள்ளே போனாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். பொடியில் என்ன இருந்தது, அது ஏன் என் கையை மூன்று நாளில் மடக்கியது, ஏன் அவள் சர்க்கரையை ஏற்றியது, செருப்புக் கடி ஏன் ஆறவில்லை, அவள் பாயசம் குடிக்கவில்லை என்று சொன்னதை நான் ஏன் நம்பாமல் இருந்தேன். வகுப்பில் கேட்பது போலத்தான் கேட்டாள், என் வாயையே பார்த்துக்கொண்டு.

முடித்ததும் கேட்டாள்.

"உங்களுக்கு எப்பம் தெரியும் மேடம்?"

ஜூன் மாதமே தெரிந்திருக்க வேண்டும் என்றேன்.

"தெரிஞ்சிருக்கணும்ங்கது வேற. நான் அதைக் கேக்கல."

காப்பி வந்தது. மகள் கொடுத்துவிட்டுப் போனாள். டம்ளரைக் கீழே வைத்தேன்.

"தெரியும் முப்பிடாதி. மூணாம் நாளே தெரியும். கை சரியாப் போச்சேன்னு, அதைப் பத்தி நெனக்காம இருந்துட்டேன்."

அவள் அழவும் இல்லை, என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். கட்டுப்போட்ட பாதத்தைப் பார்த்தாள். காப்பியை அவள் தொடவில்லை.

"இந்தத் தெருவுல ஏழு பேருக்கு நான் வாங்கிக் குடுத்திருக்கேன் மேடம். எங்க மேடம் எழுதினதுன்னு உங்க போட்டாவக் காட்டித்தான் குடுத்தேன். கடையில இப்பம் பொடி கெடைக்கலன்னு அதுல பாதிப்பேரு நிறுத்தியிருப்பாங்க. அவங்ககிட்ட யாரு சொல்லுதது?"

நான் சொல்கிறேன் என்றேன்.

"வீடு தெரியாதுல்லா" என்றாள். மகளைக் கூப்பிட்டு ஊன்றுகோலை எடுத்து வரச் சொன்னாள். இந்தக் காலோடு வேண்டாம் என்று நானும் மகளும் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. ஆட்டோ பிடித்தோம். ஆட்டோவுக்குள் என்னைப் பார்க்காமல் வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது என் கையைப் பிடிக்கவில்லை, கம்பியைப் பிடித்துத்தான் இறங்கினாள்.

முதல் வீட்டுக் கதவைத் தட்டியது அவள்தான். திறந்த பெண்ணுக்கு அறுபது வயது இருக்கும். உருண்டை முகம், சிவந்த கன்னங்கள். என்னைப் பார்த்ததும் அடையாளம் கண்டு முகமெல்லாம் சிரிப்பானாள்.

"உள்ள வாங்க மேடம். உங்க புண்ணியத்துல நல்லா நடக்கேன்."

முப்பிடாதி ஒதுங்கி நின்று எனக்கு வழிவிட்டாள்.

இன்று இரண்டு வீடுதான் முடிந்தது. ஒரு அம்மாள் ஆறு நாளாகப் படுத்த படுக்கையாக இருந்தார், வாந்தியோடு. அவரை டாக்டர் ஹமீதாவிடம் சேர்த்துவிட்டு வருவதற்குள் மாலையாகிவிட்டது. மீதி ஐந்து வீடும் நாளைக் காலை. எட்டு மணிக்கு வாசலில் நிற்பேன், தாமதம் பண்ணாமல் வாருங்கள் என்று முப்பிடாதி சொல்லியிருக்கிறாள்.